எல்லாக் காரின் முதல் கியரும்

மார்ச் 3, செவ்வாய்

இடது ஷூ மறுபடி தேய்ந்துவிட்டது. வலது இன்னும் புதுசு மாதிரியே இருக்கிறது. இவரிடம் காட்டினேன். பல் செட் செய்கிறவர், தேய்மானம் என்றால் தனி ஆர்வம். விளக்கடியில் வைத்து, பெருவிரலுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "ஒத்தைக் கால் ஷூ விக்கிற கடை இருந்தா சொல்லு, மொத்தமா வாங்கிப் போட்டுடலாம்" என்றார்.

கிளட்ச் மிதித்து மிதித்து வந்த பள்ளம். ஏல யார்டில் ஒன்பது வருஷம். வரிசையில் நிற்கும் காரை எடுத்து, ஹாலுக்குள் ஊர்ந்து போய், கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, சுத்தியல் விழுந்ததும் மறு வாசல் வழியாக வெளியே விட்டு, அடுத்த காருக்கு ஓட வேண்டும். நடக்கிறவர் வேகத்தைத் தாண்டினால் எங்கள் சூப்பர்வைசர் ஊதிவிடுவார். அவர் பெயரே விசில்தான்.

இன்று சாவி அறையில் ஒரு பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கார்ப் பைத்தியம் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டிய கார்கள் என்று தலைப்பு. சாவிகளைக் காக்கும் அக்கா, "இதுல நீ எத்தனை ஓட்டியிருக்கே?" என்று கேட்டார். பேனாவை வாங்கி டிக் போட்டேன். மினி, பழைய போர்ஷே 911, 2சிவி, மியாட்டா, கோல்ஃப் ஜிடிஐ... ஒன்றைக்கூட விடவில்லை.

"அடேயப்பா! அந்த 911 மூணாவது கியர்ல எப்படிம்மா போகும்?"

வெகுளியாகத்தான் கேட்டார். நான் அதை முதல் கியரைத் தாண்டி ஓட்டியதே இல்லை.

மார்ச் 4, புதன்

எல்லாக் காரின் முதல் கியரும் எனக்குத் தெரியும். 2சிவியில் கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து குடைப்பிடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், இடது பக்கம் திருப்பி இழுக்க வேண்டும். பழைய 911-இல் பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருக்கும். சில பந்தயக் கார்களில் முதல் கியரே தலைகீழ், கீழ்ப்பக்கம் இழுத்தால்தான் விழும். இதெல்லாம் தெரியும். இதற்கு மேல்?

இவரிடம் புலம்பினேன். "ஊர்ல இருக்கிற ஹோட்டலுக்கெல்லாம் போய் மெனு கார்டை மட்டும் படிச்சிட்டு வந்திருக்கே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

ரோடு டீமுக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஏலத்தில் போன காரை வாங்கினவர் வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்பி வரும் வேலை. சில நாள் ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம். அறிவிப்பைப் படித்து முடிப்பதற்குள் கால் தன்னால் சாவி அறைக்குப் போய்விட்டது. பெயர் கொடுத்தேன்.

விசில், "ஒம்பது வருஷத்துல ஒரு கீறல் கிடையாது. உனக்கு இல்லாம யாருக்கு?" என்றார்.

சோதிப்பது பெப்பர்மிண்ட். ரோடு டீம் தலைவர், முன்பு தொலைதூர பஸ் ஓட்டியவர். சட்டைப்பையில் எப்போதும் பெப்பர்மிண்ட் வைத்திருப்பார். சோதனை முடிந்ததும் ஒன்றை எடுத்து நீட்டினால் ஆறுதல் பரிசு என்று அர்த்தம். வேலை இல்லை.

மார்ச் 12, வியாழன்

பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது! நாளைக்குச் சோதனை. அன்றன்றைக்குப் போக வேண்டிய காரிலேயே சோதித்துவிடுவார்கள். நாளைக்குப் போவது பச்சை மியாட்டா. முதல் தலைமுறை, விளக்குகள் தவளைக் கண் மாதிரி எழுந்து நிற்கும் வண்டி. போன வாரம் அதை ஹாலுக்குள் கொண்டுபோனதே நான்தான். கியர் கம்பி அரை சாண்தான் இருக்கும், மணிக்கட்டு அசைந்தால் போதும். ஒன்று போட்டேன். இரண்டைத் தொட்டும் தொடாமல் விட்டேன். மூன்று அங்கேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது மேசைக்கு அடியில் கால் நிற்கவே இல்லை. "மேசையும் சேர்ந்து ஊருக்குக் கிளம்பிடும் போல இருக்கே" என்றார் இவர்.

மார்ச் 13, வெள்ளி

எழுத முடியவில்லை. தலைமுடியில் இன்னும் அந்தத் தீய்ந்த வாடை.

மார்ச் 14, சனி

எழுதித்தான் தொலைக்கணுமே.

யார்டு வாசல் வரைக்கும் ராணி மாதிரிதான் போனேன். மேல்கூரையை இறக்கியிருந்தார்கள். பெப்பர்மிண்ட் பக்கத்தில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெரிய சாலையில் ஏறியதும் மூன்றாவது கியர் போட்டேன். போட்டேன், சத்தியமாகப் போட்டேன். ஆனால் முன்னால் ஒரு லாரி வந்ததும் கை தானாக இரண்டுக்கு இறங்கிவிட்டது. பின்னால் ஹாரன். எங்கே போவது, எவ்வளவு இடைவெளி விடுவது, ஒன்றும் பிடிபடவில்லை. யார்டில் முன்னால் நிற்கும் காருக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இருக்கும். ரோட்டிலும் அப்படியே லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தேன்.

"கிளட்ச்லேர்ந்து காலை எடுங்கம்மா" என்றார். எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "காலு" என்றார். எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.

மேட்டுப்பாதை வந்தது. யார்டில் ஹாலுக்குள் ஏறும் சரிவு ஒன்று உண்டு. கிளட்சைப் பாதி மிதித்தபடி, பாதி விட்டபடி, வண்டியை நூல் பிடித்தாற்போல் நகர்த்திக்கொண்டு ஏறுவோம். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தச் சரிவில் வேலை செய்கிற வித்தையை அந்த மேடு முழுக்கச் செய்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

வாடை வந்தது. நான் சொல்கிறேன் — இதை நினைத்தால்தான் செத்துப் போகலாம் போல இருக்கிறது — "பாருங்க சார், அந்த லாரிக்காரன் கிளட்சைக் கருக்கறான்."

அவர் நிதானமாக, "லாரி திரும்பிப் போய் ரொம்ப நேரமாச்சும்மா" என்றார்.

எஞ்சின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. ஓரமாக விட்டேன். கைப்பிரேக்கைப் போட்டேன். அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து என் காலைப் பார்த்தார். இடது கால் அப்போதும் கிளட்ச் மேல்தான் இருந்தது.

"அது வந்துட்டுப் போற இடம்மா. நீங்க குடித்தனமே நடத்தறீங்க."

பெப்பர்மிண்ட் எடுத்து நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னொருவர் ஆசைப்பட்டு வாங்கிய காரை இழுவை வண்டி தூக்கிக்கொண்டு போனது. நான் கருக்கிய கார். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லையாம்!

நான் டிரைவரே இல்லையா? அப்ப இத்தனை நாள் நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன்?

மார்ச் 16, திங்கள்

கிளட்ச் பிளேட் மாற்ற ஒரு வாரம் ஆகுமாம். வாங்கினவரிடம் விசில் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சாவி அறையில் யாரும் இல்லாதபோது அந்தத் தாளில் என் டிக்குகளையெல்லாம் கோடு போட்டு அழித்தேன். மியாட்டாவை மட்டும் விட்டேன். கருக்கினாலும் ஓட்டினேன்.

மத்தியானம் பெப்பர்மிண்டிடமே போய் நின்றேன். இரண்டில் ஒரு இடம் நிரம்பிவிட்டது. இன்னொன்று? "ஏப்ரல் பத்தாம் தேதி வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்குள்ள காலைப் பழக்கிக்கிட்டு வாங்க. யார்டுல இல்ல, ரோட்டுல."

எந்தக் காரில் பழக? எங்களுக்குக் கார் கிடையாது. இவருக்குக் கார் என்றாலே குமட்டல். கல்யாணம் ஆன நாளிலிருந்து பஸ்தான்.

மார்ச் 18, புதன்

தம்பியிடம் கேட்டேன். அவனிடம் ஒரு கிழட்டு ஹேட்ச்பேக் இருக்கிறது. பம்பரைக் கம்பியால் கட்டியிருக்கிறான், கண்ணாடியை இறக்கினால் கையால் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

"அக்கா, நீ போர்ஷேல போறவ. இதுல ஏறினா உன் கௌரவம் என்னாகறது?"

"சாவியைக் குடுடா."

கொடுத்தான். "மேட்டுல மட்டும் அதுகிட்ட கொஞ்சம் அன்பாப் பேசு" என்றான்.

மார்ச் 22, ஞாயிறு

இவரும் வந்தார்! நான் கூப்பிடவில்லை. "உன் காலை உன்னால பாக்க முடியாதில்ல. நான் பாக்கறேன்" என்று முன் சீட்டில் ஏறி, தலைக்கு மேல் இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. என் சட்டைப்பையைத் தடவி, அன்றைக்கு வாங்கிய ஆறுதல் பரிசை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இதாவது உபயோகமாச்சே!"

அவருக்கு ரோடு தெரியாது, கியர் தெரியாது. ஆனால் பல்லில் மயிரிழை பிசகினால் கண்டுபிடிக்கிற கண். கால் நகர்ந்து கிளட்ச் மேல் உட்கார்ந்த மறு நொடி, "காலு!"

வழி நெடுக அதுதான். காலு. காலு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது, அதுகூடத் திரும்பிப் பார்த்தது.

மார்ச் 29, ஞாயிறு

சண்டை.

நல்லாத்தான் போயிட்டிருந்தது. ஒரு பஸ்ஸை முந்தலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, "காலு!" தூக்கிவாரிப் போட்டது. வண்டி குலுங்கி அணைந்துவிட்டது. பின்னால் வந்தவன் ஜன்னலை இறக்கி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கோபத்தை எல்லாம் இவர் தலையில் கொட்டினேன்.

"ஓட்டவே தெரியாதவரு எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வாந்தி எடுக்கறவங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

இவர் கதவைத் திறந்து இறங்கி, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார். எதிரே நிறுத்தி ஹாரன் அடித்தேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மனுஷன் எனக்காகத்தானே வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தார். எனக்கு மூன்றாவது கியர் வேண்டுமென்று அவரையும் சேர்த்துக் கருக்குகிறேன்.

மார்ச் 30, திங்கள்

பேச்சு இல்லை. என் இடது ஷூவுக்குப் புது அடி போட்டு வாசலில் வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 1, புதன்

நானே போய், "தப்புதாங்க" என்றேன். அரத்தால் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நான் வர்றது உனக்குப் பிரச்சினை இல்ல. நான் சத்தம் போடறதுதான்" என்றார்.

"ஆமாம்."

"அப்ப சத்தம் போடலை. முட்டியில ஒரு தட்டுத் தட்டறேன்."

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையிலேயே கிளம்பிவிட்டோம். இவர் வெறும் வயிறு, பை நிறைய பெப்பர்மிண்ட். கடைசி மேடு வரைக்கும் முட்டியில் நாலைந்து தட்டுதான் விழுந்தது. நான்காவது கியரில் தம்பி கார் ஒரு மாதிரி முனகுகிறது. விசில் மாதிரியே இருக்கிறது என்றேன், இவர் சிரித்தார்.

பெரிய கார்களில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். தோல் சீட்டு, வெள்ளி மீட்டர். இந்த ஓட்டை வண்டிக்குத்தான் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் ஒரு மூச்சு விடும் என்று எனக்குக் காட்டத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்கும் ஒரு மூச்சு வருகிறது. இதைச் சொன்னால் தம்பி கேலி செய்வான். சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 8, புதன்

சாவி அக்கா, டிக்குகளை அழித்தது யார் என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். நான்தான் என்றேன். "ஏம்மா?" ஓட்டவில்லை, நகர்த்தினேன் என்றேன். அக்கா பேனாவை எடுத்துத் தாளின் அடியில், "தம்பி கார்" என்று எழுதி, அவரே டிக் போட்டார்.

நாளை மறுநாள் சோதனை. புது அடி போட்ட ஷூவை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். 

ஏப்ரல் 10, வெள்ளி

கனவுக் கார் ஒன்றும் இல்லை. வெள்ளை வேன், முன்பு பூக்கடையில் ஓடியது. சீட்டுக்கு அடியில் இன்னும் காய்ந்த இதழ். பக்கத்தில் பெப்பர்மிண்ட், அன்றைக்கு மாதிரியே மடியில் கை வைத்தபடி. அதே சாலை, அதே மேடு. பாதி ஏறியதும், அரைக் கிணறு தாண்டி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டியில் தட்ட ஆள் இல்லையே என்றும் நினைத்தேன்.

மேட்டின் உச்சியில் நிறுத்தச் சொன்னார். சட்டைப்பையில் கை விட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. எடுத்து, பிரித்து, தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"திரும்பிப் போகலாம். மத்தியானம் இதை எடுத்துட்டுப் போறவங்க நீங்கதான்."

ஏப்ரல் 11, சனி

தம்பிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுக்க மனசு வரவில்லை. "வச்சுக்கோ, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுத்துக்கோ. மாமாவுக்குக் காத்தாட" என்றான்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பெட்ரோல் பங்க், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் குடும்பக் கார், எந்தப் பத்திரிகையும் எந்தத் தாளிலும் போடாத கார். இன்னும் பாதி தூரம் இருக்கிறது. சாலை நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் வெட்டவெளி.

ஐந்தாவது கியரில் எவ்வளவு நேரமாகப் போய்க்கொண்டிருந்தேனோ தெரியாது. எதையோ நினைத்துக்கொண்டே வந்தேன், என்ன என்றுகூட ஞாபகமில்லை. அப்புறம்தான் கவனித்தேன். குனிந்து பார்த்தேன்.

இங்கே வந்து நிறுத்தியதும் இவருக்குப் போன் போட்டேன். மணி அடித்ததும் எடுத்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"காலு?"

"தரையில" என்றேன்.