சித்தி வாங்கி வரும் செஸ் போர்டு

அம்மா,

"நீ எந்த கிளப்புக்குத் தலைவின்னு சித்தி கேட்டா. செஸ் கிளப்னு சொல்லிட்டேன்."

"குதிரை எப்படி நகரும்னுகூட எனக்குத் தெரியாதேம்மா."

"அவளுக்கு மட்டும் தெரியுமா? விடுடி."

நேற்று நீ இப்படிச் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, அறைக்குள் போய் அழுதேன்.

சாதம் குக்கரில் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியின் மேல். மாலையில் சித்தி வருவார், எனக்குப் பரிசாக செஸ் போர்டோடு. அவருக்குச் சர்க்கரை இல்லாத டீ.

நான் நிஜமாகத் தலைவியாக இருக்கும் எங்கள் கிளப்பை மூடுவதா என்று இன்று பள்ளியில் பெற்றோரைக் கூட்டிப் பேசுகிறார்கள். தன்பாலினத்தவரை விரும்பும் பிள்ளைகளும் திருநர் பிள்ளைகளும் பயமில்லாமல் மதியச் சாப்பாடு சாப்பிடுவது கிளப்பின் அந்த ஓர் அறையில்தான். மூடிவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. உன்னை வரச்சொல்லி நான் கேட்கவில்லை.

டீக்கு வைக்கும்போது பால் பொங்கிவிடும், பார்த்துக்கொள்.

தாளில் இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வீட்டில் சொல்லப் பயப்படும் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள் நான். உன்னிடம் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் நம் வீட்டில் நான் செஸ்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி அந்த போர்டை மேசைமேல் வைத்ததும், "என் பொண்ணுக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்"னு நீயே அவங்ககிட்ட சொல்லிடும்மா.