அசுந்தா அம்மாவுக்கு ஒரு பதில்

17-6-57, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் விடிந்ததிலிருந்து கூட்டம், எல்லாம் குற்றாலத்துக்கு. தோளில் துண்டு, கையில் எண்ணெய்க் குப்பி. இரண்டு வண்டிக்கு நேரத்தை மாற்றி எழுதிவிட்டேன். கண்டக்டர் மாடசாமி: "என்ன அண்ணாச்சி, டைம் கீப்பரே டைமத் தப்பாப் போட்டா வண்டி எப்பிடி ஓடும்?"

கடிதம் வந்து எட்டு நாள். சட்டைப் பையிலேயே கிடக்கிறது. வியர்வையில் ஓரமெல்லாம் நைந்துவிட்டது. இத்தாலியிலிருந்து, சண்டைக் காலத்தில் நான் ஒளிந்திருந்த ஊர்ப் பெண் பிலோமினா எழுதியது. எழுத்துக் கூட்டிப் படித்ததில் விளங்கியது:

— அங்கே எனக்குச் சோறு போட்ட அசுந்தா அம்மா படுத்த படுக்கை. திராட்சை பறிக்கும் வரை தாங்காது என்கிறாராம் டாக்டர்.

— அம்மாவின் மகன் நீனோவை ஜெர்மன்காரன் சுட்ட அன்று, அவன் ஏன் மலையை விட்டு ஊருக்கு இறங்கினான்? பிலோமினா கூப்பிட்டுத்தான் என்று அம்மா பதிமூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்கிறாள். மாதா கோயிலில் பிலோமினா பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கல்யாணமும் ஆகவில்லை.

— "நான் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவன்கூட இருந்தது நீங்கள் ஒருவர்தான். ஏன் போனான் என்று அம்மாவுக்கு எழுதுங்கள்."

என் விலாசம், அங்கே ஒளிந்திருந்தபோது நானே கிறுக்கிக் கொடுத்தது. மாதா படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

19-6-57, புதன்

மழை விட்டு விட்டு. ஏழாவது தாளும் கிழித்தாயிற்று.

பட்டாளத்தில் கொடுத்த இத்தாலி பாஷைப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். பாதி செல் அரித்துவிட்டது. பேச்செல்லாம் அசுந்தா அம்மாவின் அடுப்படியில் காதால் பிடித்தது. எழுதினால் சின்னச் சொற்கள்தான் உயிரை வாங்குகின்றன. ஆ, தா, தி, இன், கோன், சு, பெர். நமக்கு எல்லாம் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். தென்காசிக்கு, தென்காசியிலிருந்து. நாள் முழுக்க அதைத்தான் கத்துகிறேன். அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. 'தா' என்றால் 'இலிருந்து'. சரி. ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போவதற்கும் அதே 'தா'வாம். போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல்லா? தலை வெடிக்கிறது.

தப்பாக எழுதி அனுப்பக்கூடாது. முதலில் இது சரியாகட்டும்.

மத்தியானம் ரசத்தில் உப்பே இல்லை. சாப்பிட்டு எழுந்தேன். செண்பகம் பக்கத்து வீட்டில் பெருமையடிக்கிறாள்: "உப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாவ. கல்யாணமான நாள்லருந்து அப்பிடித்தான். தங்கம்."

தங்கமாம்.

21-6-57, வெள்ளி

கடிதம் முடிந்தது. நாலு பக்கம். நலம் விசாரித்தேன். கைதி முகாமிலிருந்து தப்பி மலையில் ஒளிந்திருந்த ஐந்து மாதமும் அவர்கள் போட்ட சோளக் களியை எழுதினேன். பனி, கழுதை, எனக்குத் தைத்த கம்பளிச் சட்டை, எல்லாம் எழுதினேன். கேட்டதை மட்டும் எழுதவில்லை.

இங்கேயாவது எழுதுகிறேன்.

உப்பு கேட்டவன் நான். உப்பில்லாத களி, மூன்று வாரம். இனி ஒரு வாய் இறங்காது என்று குடிசையில் தட்டைத் தள்ளினேன். நீனோ சிரித்தான். "இரு, கொண்டுவருகிறேன்" என்றான். இருபத்திரண்டு வயசு. மேலே பாறையிலிருந்து பார்த்தேன். மாதா கோயில் முன்னால் ஜெர்மன்காரர்கள் அவனை நிறுத்தினார்கள். எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டிருப்பார்கள், என்னைப் பற்றித்தான். அவன் மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். அசுந்தா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடினேன்.

22-6-57, சனி

லீவு. குற்றாலம். சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருக்கும் இத்தாலிச் சாமியாரைத் தேடிப் போனேன், கடிதத்தைத் திருத்தச் சொல்ல. டீக்கடை வாசலில் நின்றிருந்தார். "எனக்கை ஒரு டீயில் வேணும்" என்றார். கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. "இந்தா சாமி, சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

பெஞ்சில் உட்கார்ந்தே படித்தார். சிவப்புப் பென்சில். ஏழு இடத்தில் சின்னச் சொல் தப்பு. அவ்வளவுதான். "திருத்தாட்டியும் கிழவிக்கி புரியும். அவளும் புத்தகம் மாதிரி பேச மாட்டாள். நல்ல கடிதம். சந்தோஷத்தை படுவாள்."

சந்தோஷப்படுவாள்! அருவியில் போய் நின்றேன். அந்த இரைச்சலில் வாய் விட்டு அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை.

24-6-57, திங்கள்

அனுப்பவில்லை. தப்பில்லாத கடிதம், தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்தது. செத்துப் போகலாம் போலிருக்கிறது.

செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். முழுக்க. தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டுவாள், இல்லை எனக்காக அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளைக்கி இப்ப என்ன வயசு?"

"முப்பத்திரண்டு இருக்கும்."

"ஒரு பொம்பளைய பதிமூணு வருசமா ஊரே தூத்துது. நீங்க இங்கன விசில் ஊதிக்கிட்டு இருக்கிய."

"எனக்கு இது தெரியாதே."

"இப்பத் தெரியும்லா? பதினஞ்சு நாளாப் பையில வச்சிக்கிட்டு என்னத்தப் பாடம் படிக்கிய?"

தோசை கருகிவிட்டது.

25-6-57, செவ்வாய்

டியூட்டிக்கு முன்னால் எழுதினேன். நாலு பக்கத்தைக் கிழித்தேன். புத்தகத்தைத் தொடவில்லை. நாலே வரி. நீனோ உப்பு வாங்கப் போனான். எனக்காக. நான் கேட்டேன். பிலோமினா கூப்பிடவில்லை. சின்னச் சொல் எல்லாம் தப்பாகத்தான் இருக்கும்.

போட்டுவிட்டேன். கிழவி இருக்க வேண்டும். கடவுளே, அதுவரைக்கும் இருக்க வேண்டும்.

20-7-57, சனி

வெயில். சாரல் இல்லை. பதில் வந்தது, பிலோமினா கையெழுத்தில்.

மாடசாமி: "அண்ணாச்சி, செங்கோட்ட வண்டி நிக்கி, கையெழுத்துப் போடுதியளா இல்லியா?" போட்டேன். எங்கே போட்டேனோ.

அம்மா இருக்கிறாள். பிலோமினாவைக் கூப்பிட்டனுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்தாளாம். என் கடிதத்தை அவளையே வாசிக்கச் சொன்னாளாம். கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாளாம்.

அன்று நீனோ முதலில் மலைச்சரிவில் இருந்த வீட்டுக்கு வந்து உப்பு கேட்டிருக்கிறான். இல்லை என்று சொன்னாள் அம்மா. இருந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரு முடிப்பு, குளிர்காலம் முழுக்க வேண்டுமே என்று ஒளித்து வைத்தது. அதனால்தான் அவன் ஊருக்கு இறங்கினான். அதைச் சொல்ல மாட்டாமல்தான் பிலோமினாவைச் சொன்னாளாம்.

கடைசி வரி பிலோமினா தனக்காக எழுதியது. "இனி நான் யார்மேல் கோபப்படுவது? அவள் சாகப்போகிறாள்."

என்மேல், என்று எழுதி உடனே பெட்டியில் போட்டேன். சின்னச் சொல் சரியா என்று பார்க்கவில்லை.