காய்ச்சிய மருந்தும் கங்கம்மாவின் கன்றும்

சித்தூர்
12.9.1984

அன்புள்ள மகள் ஜெபமணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நாக்பூர் நர்ஸ் ஹாஸ்டலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கன்றைப் பற்றி மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், எனக்கே ஒன்றும் விளங்காததால் எழுதவில்லை.

போன மாதம் அதற்குக் கழிச்சல் கண்டது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் எதற்கும் நிற்கவில்லை. சாணத்தைத் திருப்பதி லேபில் சோதித்தேன், எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி சாகவில்லை. கிருமியையே தாக்கி அழிக்கிற வைரஸ் ஒன்று உண்டு, பேஜ் என்பார்கள், கொட்டகைச் சாக்கடையிலேயே கிடைக்கும். அதை வடிகட்டி நம் கன்றின் கிருமிமேல் விட்டேன், கண்ணாடித் தட்டில் கிருமி படர்ந்த இடமெல்லாம் கிருமி செத்து ஓட்டை ஓட்டையாக வெளுத்தது. அதில் இரண்டு புட்டி கொண்டுவந்தேன், பாகாலாவில் ரயில் ஒரு மணி நேரம் நின்றபோதுகூட மடியைவிட்டு இறக்கவில்லை. நான் மாட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போவதால் கன்றுக்கு அம்மாதான் ஊற்றினாள். மூன்றாம் நாள் கன்று எழுந்து பால் குடித்தது. அப்புறம்தான் சொல்கிறாள், சாக்கடத் தண்ணியாச்சே, எதையும் காய்ச்சாம குடுக்காதன்னு பொண்ணு எழுதினுகீறாளே, அதான் நல்லா கொதிக்க வச்சி ஊத்தினேன் என்று. கொதித்தால் பேஜ் செத்துப்போகும். பின்னே கன்று எதனால் பிழைத்தது? உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்த தண்ணீராலா, தானாகவா? தெரியவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் கன்றுக்கும் அதே கழிச்சல். அவளுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். உங்க கன்னு பொழச்ச மருந்த எனக்கும் குடு டாக்டரே என்று வந்து நின்றாள். மிச்சப் புட்டியைக் காய்ச்சாமல் என் கையாலேயே ஊற்றினேன். ஒரு பேஜ் ஒரு வகைக் கிருமியைத்தான் கொல்லும், அவள் கன்றின் சாணத்தையும் முதலில் சோதித்திருக்க வேண்டும். இரண்டு நாள் ஆகுமே என்று பொறுமையில்லாமல் சோதிக்காமலே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் கன்று செத்துவிட்டது. தப்பாகக் கொடுத்தது பிழைத்தது, சரியாகக் கொடுத்தது செத்தது. கங்கம்மா அழவில்லை. உங்க கன்னுக்கு காய்ச்சி ஊத்துனீங்களாமே, எனக்கு மட்டும் ஏன் பச்சையா ஊத்துன என்றாள். நல்லதைத்தான் கொடுத்தேன் என்றேன். ஆமா, நல்லதெல்லாம் எனக்கு, பொழைக்கிறதெல்லாம் உனுக்கு என்று போய்விட்டாள்.

அன்று சாயந்தரம் அவள் மாடு மடி கனத்துக் கத்திக்கொண்டே இருந்தது. அம்மா உன் கன்றை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டாள். கழிச்சல் நின்று பத்து நாள்தான் ஆகிறது, கிருமி இன்னும் இருக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உங்க வைத்தியம் போதும், சும்மா இருங்க என்றாள் அம்மா.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. அம்மாவைக் கோபிக்காதே. ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும், குளிருக்கு முன் கம்பளி வாங்கிக்கொள். மறக்காமல் கங்கம்மாவுக்கு ஒரு கார்டு போடு, கன்று இனி அவளுடையது என்று. நான் சொன்னால் நம்பமாட்டாள்.

உன் நைனா,
நேசகுமார்