நேராகப் போட்டுவிட்ட குறுக்கு ரோடு

செவ்வாய், 10

காலையிலேயே வெயில். தண்ணி கேன் வரல. சோப்பு, தீப்பெட்டி, அரை லிட்டர் எண்ணெய். மறக்கக் கூடாது.

கணக்கு பாதிக்கு மேல தப்பு. மாடி ரூம் செல்வி திருத்தினது. தென்காசிப் பக்கத்துப் பொண்ணு, சுங்குவார்சத்திரத்துல கம்பெனி அசெம்பிளி லைன்ல நிக்குது. ஷிப்ட் இல்லாதப்ப எனக்குப் பத்தாவது பாடம் சொல்லித் தருது. ரெண்டு இணைகோடு, அதை வெட்டுற மாதிரி ஒரு கோடு, x கோணம் எவ்வளவுன்னு கேள்வி. பாகைமானியை வச்சு அளந்தேன். அறுபத்திரண்டு. எழுதிட்டேன். விடை எழுபதாம்.

"யக்கா, படத்த அளக்கப்புடாது. அது அளவாப் போட்டது இல்ல. குடுத்திருக்கத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

கைட்ல அடியில பொடி எழுத்துல போட்டிருக்கான், படம் அளவுப்படி இல்லைன்னு. அளவாப் போட முடியாதவன் எதுக்குப் படம் போடணும்? பாக்குறவ நம்ப மாட்டாளா? கோவம் ஆறவே இல்ல.

கைடு, ஜாமெட்ரி பாக்ஸ், ரெண்டும் என் வீட்டுக்காரர் வாங்கினது. பத்தாவது பாஸ் பண்ணினா கம்பெனியில கூட்டுற வேலையை விட்டு லைனுக்குப் போகலாம்னு. ஸ்கேல் மேல என் பேரை அவரே பேனாவால எழுதினார். கோணல் எழுத்து.

புதன், 11

கொழுந்தனும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்கு. ரைட்டர் ஒரு தாளைக் காட்டினார். அவர் அடிபட்டுச் செத்த இடத்தோட படம். மெயின் ரோடு, பக்கத்துலயே இணையா சர்வீஸ் ரோடு. ரெண்டையும் சேக்குற குறுக்கு ரோடு, ஏணிப்படி மாதிரி நேரா. அது வழியா லாரி. சர்வீஸ் ரோட்டுல, நைட் ஷிப்ட் முடிச்சு வந்த இவர் பைக்.

லாரி பக்கவாட்டுல வர்றது நல்லாத் தெரிஞ்சும் பிரேக் போடல, தூக்கக் கலக்கம், தப்பு இவர் மேலதான்னு எழுதியிருக்கு. ஒத்துக்கிட்டதா நான் கையெழுத்துப் போடணுமாம்.

"போட்டுட்டு வாங்க அண்ணி. போன உயிர் இன்னா திரும்பியா வரப்போவுது?" கொழுந்தன்தான்.

பேனாவைக் கையில வாங்கிட்டேன். போடல. அப்புறம் வரேன்னு எழுந்துட்டேன். ஏன்னு அப்போ எனக்கே தெரியல.

தூக்கக் கலக்கமாம். நைட் ஷிப்ட் வாரத்துல பகல்ல நான் மிக்சி கூடப் போட மாட்டேன். நல்லாத் தூங்கி எழுந்துதான் போவார். இவங்க வந்து பாத்தாங்களா?

வெள்ளி, 13

புழுக்கம். செல்விக்கு ஓவர்டைம், பாடம் இல்ல.

கம்பெனியில கூட்டிக்கினு இருக்கும்போது தோணுச்சு. அந்தக் குறுக்கு ரோடு நேரா கிடையாது. அவர் பின்னாடி உக்காந்து எத்தனையோ வாட்டி போயிருக்கேன். ரொம்பச் சாய்வு. மெயின் ரோட்டுல வர்ற லாரி வேகத்தைக் குறைக்காமலே அதுல நுழையலாம். அவர் போன திசையும் அதே திசைதான். அப்ப பக்கவாட்டுல வரல. முதுகுப் பக்கமா வந்திருக்கு. முதுகுல யாருக்குக் கண்ணு கீது?

கொழுந்தனுக்கு போன். டென்த் படிக்கப் போயி வக்கீலாயிட்டீங்களா அண்ணின்னு சிரிச்சான். கட் பண்ணிட்டேன். குழம்பு தீஞ்சு போச்சு.

ஞாயிறு, 15

காலையில செல்வியோட அந்த இடத்துக்கு. லாரி கம்மி. நூல்கண்டு, பாகைமானி எடுத்துப் போனேன்.

சர்வீஸ் ரோட்டு முனைக்கு, அவர் விழுந்த இடத்துக்கு, என் கால் போகல. மெயின் ரோட்டு ஓரத்துல புல் மேலயே நின்னுட்டேன். அளக்காம திரும்பிடலாம்னு சொன்னேன்.

"அங்க போகாண்டாம்க்கா. ரெண்டு ரோடும் இணையாத்தான போகுது? இந்த முனையில உள்ள கோணந்தான் அந்த முனையிலயும்."

Z மாதிரி. இத்தனை நாள் மண்டையில ஏறாதது அங்க ஏறுச்சு.

ஒரு நூல் மெயின் ரோட்டோரமா, ஒண்ணு குறுக்கு ரோட்டோரமா, முனையில பாகைமானி. முப்பதுக்குக் கொஞ்சம் மேல. அவங்க படத்துல தொண்ணூறு. டீக்கடைக்காரர், ரோடு காண்ட்ராக்ட் எடுத்துட்டீங்களான்னு கேட்டார். செல்வி ஆமான்னுச்சு.

அழுகை வரும்னு பயந்தேன். வரல. ஒருத்தர் இங்க வந்து நின்னு பாத்திருந்தா போதுமே. ஒருத்தர்.

திங்கள், 16

லீவு சொன்னேன். சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார். கொழுந்தனைக் கூப்பிடல.

ரைட்டர்கிட்ட ரோடு சாய்வுன்னு சொன்னேன். இது சும்மா மாதிரிக்குப் போடுறதும்மா, அளவா எல்லாம் போட மாட்டோம்னார்.

"அளவாப் போடாத படத்தைப் பாத்து, லாரி அவர் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னு எப்படி சார் எழுதினீங்க?"

நான் அளந்தது செல்லாதாம். திரும்பப் போய்ப் பாக்கணுமாம், ஆள் இல்லையாம். அப்ப கையெழுத்தும் இல்லன்னேன். பெஞ்சுல உக்காந்துட்டேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாத்தாங்க. பாக்கட்டும். மதியம் சோறு இல்ல.

வெயில் இறங்கினப்புறம் ரைட்டரே வண்டியை எடுத்தார். நான் ஆட்டோல பின்னாடி. குறுக்கு ரோட்டுல நின்னு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தார். இந்தத் தடவை நானும் அந்த முனைவரைக்கும் நடந்தேன்.

ஸ்டேஷன்ல புதுத் தாள் எடுத்தார். பழைய மாதிரியே கையால இழுக்கப் போனார். ஸ்கேல் வச்சுப் போடுங்க சார்னேன். டிராயரை இழுத்துத் தேடினார், இல்லையாம்.

என் பேர் எழுதின ஸ்கேலை எடுத்து மேசை மேல வச்சேன்.