ராமுவின் தட்டில் நீங்கள் கலந்த தூள்

அக்கா,

இன்று காலை ராமுவின் சோற்றில் மருந்துத் தூளைக் கொட்டியதும் எப்போதும்போல அந்த வாடை எழுந்தது. புளித்த பாலும் பச்சை இறைச்சியும் சேர்ந்தது போன்ற வாடை. வழக்கமான மருந்துக் கடையில் இருப்பு இல்லை என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறொரு கடையில் வாங்கியிருந்தேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி சரியாக இருந்தது. சீல் பிரியாமல் இருந்தது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. இன்னொரு கேப்சூலைப் பிரித்து முகர்ந்தேன். தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. ராமு தட்டின் முன்னால் உட்கார்ந்து, பசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் யாராவது பார்த்திருந்தால், நயினார் வீட்டம்மாவாகிய நீங்கள்தான் திரும்பி வந்துவிட்டீர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

நீங்கள் லேசில் யாரையும் நம்பாதவர். பாலை வாங்கியதும் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பீர்கள். மாடிக்குக் குடிவர நான் கேட்டு வந்த அன்று ஆதார் அட்டையை வாங்கி, போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"இந்தப் போட்டோ பழசு," என்றீர்கள்.

"நானுந்தான் அக்கா," என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்தீர்கள். எனக்கும் கோபம் வரவில்லை. கிரிவலப் பாதை லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க நானும் அதே வேலையைத்தானே செய்கிறேன்.

ராமுவை உங்கள் மகன் பெங்களூரிலிருந்து காரில் கொண்டுவந்து விட்டான். அல்சேஷன் குட்டி. அவர்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அவன் வைத்திருந்த பெயர் ரோமியோ. தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உங்களுக்குக் கூச்சம். இரண்டாம் நாளே அவன் ராமு ஆகிவிட்டான். சமணக் குடும்பமான உங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளைவது எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். ராமுவும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டான். பருப்பு சாதம், தயிர், பன்னீர், கடையில் விற்கும் சைவ நாய்த்தீனி. நன்றாகத்தான் வளர்ந்தான்.

ஆவணி வாக்கில் அவன் இளைக்கத் தொடங்கினான். தட்டில் போட்டதை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். செம்பருத்திச் செடியடி மண்ணைத் தின்றான். தான் கழித்ததையே திரும்பத் தின்னப் போய் உங்களிடம் அடி வாங்கினான். மாட்டுச் சாணி அளவுக்கு, வெளுத்து, எண்ணெய் மினுமினுப்போடு கழிந்தான். அந்த நாற்றம் மாடிவரை வந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

தெருவே உங்களுக்கு யோசனை சொன்னது. "கறி போடுங்கம்மா, தேறிடும்" என்று இஸ்திரி வண்டிக்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை சொன்னார்கள். உங்கள் வழக்கத்தை இடித்துக் காட்டத்தான் சொல்கிறார்கள் என்று நீங்கள் நினைத்தீர்கள். யாரோ மதில் மேலிருந்து கண்டதையும் போடுகிறார்கள், அதனால்தான் வயிறு கெட்டுப்போகிறது என்று முடிவு கட்டினீர்கள். கேட்டுக்குப் பூட்டு வந்தது. மதிலோரம் பச்சை வலை கட்டினீர்கள். என் குப்பைப் பையை நான் கீழே கொண்டுவரும்போது உங்கள் கண் அதன் மேலேயே இருந்தது. எனக்கும் உங்கள் மேல் ஒரு சந்தேகம் இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விரதம் என்று நீங்கள் பட்டினி கிடக்கிற நாட்களில் அவனையும் பட்டினி போடுகிறீர்களோ என்று, நீங்கள் சோறு வைக்கும் நேரமாகப் பார்த்து நான் துணி உலர்த்த வந்து நிற்பேன். தட்டு ஒவ்வொரு முறையும் நிறைந்துதான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் முற்றத்தில் கோழி எலும்பு ஒன்று கிடந்தது. அதை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறி வந்து நின்றீர்கள்.

"இது என்னாம்மா?"

"எலும்பு அக்கா."

"அது எனக்கும் தெரியும். எப்படி வந்துச்சு?"

"அக்கா, இது புரட்டாசி மாசம். எங்க வீட்ல கறியே ஆக்கறதில்ல. காக்கா போட்டிருக்கும்."

"ஊர்ல இருக்கற காக்காவுக்கெல்லாம் என் வீடுதான் கெடைச்சுதா?"

அன்று சாயங்காலமே என் கணவரிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு வீடு இருப்பதாக அவர் விசாரித்துக்கொண்டும் வந்தார். அந்த வாரம் முழுக்க நாம் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு காலையில் நீங்களே கீழிருந்து குரல் கொடுத்தீர்கள். ராமு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், எவனோ விஷம் வைத்துவிட்டான் என்றீர்கள். நானும் நீங்களும் அவனைப் போர்வையோடு தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவன் அவ்வளவு லேசாக இருந்ததில் எனக்குப் பயமே வந்துவிட்டது.

மருத்துவர் இளம்பெண். அவனைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்லா சாப்பிடறானா?"

"சாப்ட்டுகினேதான் இருக்கான்," என்றீர்கள்.

"அப்படியும் எடை கம்மி ஆகிட்டே வருது. வெளிய போறது ஜாஸ்தி, எண்ணெய் மாதிரி, வெளுப்பா. சரியாம்மா?"

நீங்கள் சட்டென்று என் பக்கம் திரும்பினீர்கள். "நீ முன்னாடியே வந்து சொல்லிட்டியா?"

"இல்லக்கா, இவங்கள இப்பதான் பாக்கறேன்."

விஷம் இல்லை என்று மருத்துவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. அன்றைக்குத் தெம்புக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார். அதற்குள் யாராவது எதையாவது கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அவனை உங்கள் படுக்கையறைக்குள் வைத்து நீங்களும் கூடவே இருந்துகொண்டீர்கள்.

முடிவு வந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று காரணம் சொன்னீர்கள். கணையம் என்ற உறுப்பைப் பற்றி மருத்துவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நொதிகள் அதில்தான் சுரக்க வேண்டும், ராமுவுக்கு அது சுரப்பதே இல்லை என்றார்.

"சாப்பிடறது எதுவும் உடம்புல ஒட்டாதும்மா. அப்படியே வெளிய போயிடும். தட்டு நெறைய சோறு இருந்தும் அவன் பட்டினி."

"யாரு பண்ணது இது?"

"யாரும் பண்ணலம்மா. இந்த ஜாதி நாய்ங்களுக்கு வர்றதுதான்."

"நான் கறி போடாததாலயா?"

"இல்ல. கறி போட்டிருந்தாலும் வந்திருக்கும்."

பல வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஆள் இல்லவே இல்லை என்றதும் உங்கள் முகம் விழுந்துபோனதைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல், "காக்காதான் போட்டிருக்கும்," என்றீர்கள். மன்னிப்பு என்று நீங்கள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். எனக்குப் போதுமானதாக இருந்தது. கீழ்பென்னாத்தூர் ரோட்டு வீட்டை விட்டுவிட்டோம்.

ஆயுசுக்கும் மருந்து என்றார் மருத்துவர். ஒவ்வொரு வேளையும் சோற்றை ஈரமாகப் பிசைந்து, கேப்சூலைப் பிரித்துத் தூளைக் கலந்து வைக்க வேண்டும். அதோடு வைட்டமின் ஊசியும். டப்பாவைக் கையில் வாங்கிய நீங்கள் கேட்டீர்கள். "இது எதுலருந்து எடுக்கறாங்க?"

அவர் தயங்கினார். உங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. "பன்னியோட கணையத்துலருந்தும்மா."

டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டீர்கள். செடியிலிருந்து எடுக்கிற மருந்து இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் இந்த நோய்க்கு அந்த அளவுக்குக் கேட்காது என்றார். கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார் என்று வரும் வழியெல்லாம் முணுமுணுத்தீர்கள். செடி மருந்தையே வாங்கிப் போட்டுப் பார்த்தீர்கள். ராமு இன்னும் இளைத்தான். தண்ணீர்த் தொட்டிவரை நடந்துபோய் அங்கேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

ஒரு நாள் காலையில் மாடிக்கு வந்தீர்கள். அதுவரை என் வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தீர்கள். "அந்தப் பன்னி மருந்த நீ வாங்கி நீயே கலந்து குடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்," என்றீர்கள். உங்கள் கண்கள் சிவந்திருந்தன.

அன்றிலிருந்து இரண்டு வேளையும் நான் கீழே வந்து கலந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பீர்கள். வாய் மட்டும் ஓயாது. "முழுசா கொட்டினியா? தட்டுல ஒட்டிகினு இருக்கப் போவுது. நல்லா பெசஞ்சியா? கையில ஒட்டினது எவ்ளோ?" உங்கள் முதுகுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிடும். ஆனால் ராமு அந்த வாரமே மண் தின்பதை விட்டான்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பி, வராந்தாவில் படுக்கவும் ஆட்கள் கேட்டு நின்றார்கள். பாதையை அடைத்துவிட்டதால் ஆட்டோவும் கிடையாது. பொழுது சாயும் நேரம் உங்களுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, கூட்டம் தாங்கல. இன்னிக்கு வர முடியாது. அவருக்கும் வேன் சவாரி."

"அப்போ ராமுவுக்கு?"

"மருந்தில்லாம சோறு வச்சா பிரயோஜனம் இல்லக்கா. காலையில பாத்துக்கலாம்."

"சரி," என்று வைத்துவிட்டீர்கள்.

விடிந்து நான் வந்தபோது ராமுவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. குப்பைத் தொட்டியில் கேப்சூல் ஓடுகள் கிடந்தன. நீங்கள் விடாமல் தும்மிக்கொண்டிருந்தீர்கள். தூள் பட்டு உங்கள் விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்தன. நீங்களே தொடங்கினீர்கள்.

"நீ வரல. அவன் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தான். என்னா பண்ணச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா."

"இனிமே நானே கலந்துக்கறேன். நீ சரியா போடறியோ இல்லியோ, யாரு கண்டா?"

அந்தக் காலை நீங்கள் எனக்கு வழக்கமாகத் தரும் காபி வரவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்தேன். மறுநாளும் கீழிருந்து காபி மணம் எழவில்லை. பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "காபிய விட்டுட்டேன்," என்றீர்கள். "ராமு பொழைக்க இன்னொரு உசுரு போவுது. அது எங்கியோ போச்சு, நமக்கென்னன்னு என்னால இருக்க முடியல. அதுக்கு ஈடா விட, எனக்குன்னு ஆசையா இருந்தது காபி ஒண்ணுதான்." நாளெல்லாம் காபியில் ஓடிய உங்களை எனக்குத் தெரியும். பிறகு கடைசிவரை நீங்கள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ராமு தேறினான். முதுகெலும்பு மேல் சதை மூடியது. ரோமம் பளபளத்தது. அடி அண்ணாமலை வரை அவனை நடத்திக்கொண்டு போய், முன்பு யோசனை சொன்ன ஒருவர் விடாமல் காட்டிவிட்டு வந்தீர்கள். "கறி போட்டீங்களாம்மா?" என்று இஸ்திரி வண்டிக்காரர் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு?" என்றீர்கள்.

தை மாதம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் பேசவே கூடாது என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்ததும், "கலந்தியா?" என்றீர்கள். போனில் தட்டின் போட்டோவைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தீர்கள். "இது நேத்து எடுத்தது," என்றீர்கள். மறுநாள் தினசரி காலண்டர் பக்கத்தில் ராமுவை உட்காரவைத்து, கேப்சூலைப் பிரிப்பதிலிருந்து அவன் தட்டை நக்கி முடிப்பதுவரை வீடியோ எடுத்து அனுப்பினேன். உங்கள் மகன் போனைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் முழுதும் பார்த்தீர்களாம். ஒவ்வொரு வேளையும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது குறை சொல்லிப் பதில் வந்தது. தண்ணி ஜாஸ்தி. கரண்டி சரியில்லை. அவன் காதை ஏன் துடைக்கவில்லை.

கடைசியாக நான் நேரில் வந்த சாயங்காலம் புதிய வீடியோவைக் காட்டப் போனேன். போனைக் கையால் தள்ளினீர்கள்.

"வேணாம். இனிமே அனுப்பாத. நீ போட்டிருப்ப."

மறுநாள் நீங்கள் இல்லை.

மகன் காரியமெல்லாம் முடித்துவிட்டு, ராமுவை என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் ராமுவின் சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

நீங்கள் அன்று சொன்னதை நான் விடாமல் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. உடம்பு முடியாமல் சொன்னீர்களா, பார்க்கக் கண் தெரியவில்லையா, பேச்சை முடித்தால் போதும் என்று இருந்ததா? பாலையும் மருத்துவரையும் நம்பாத நீங்கள் என்னை மட்டும் எப்படி நம்பியிருக்க முடியும்? லாட்ஜ் மேசையில் யாருடைய அட்டையையோ சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் குரல் வந்துவிடுகிறது. நீ போட்டிருப்ப. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் தினம் இரண்டு வேளையும் போடுகிறேன்.