சுவரும் வேரும்

அபிராமபுரம்,
ஆவணி 6

அன்பு மகள் ஜெயஸ்ரீக்கு அப்பா எழுதுவது,

நானும் உன் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலிதான் ஏறி இறங்குகிறது. தை மாதம் போனில் உன்னிடம் கத்திய பிறகு நாம் இருவரும் பேசவில்லை, ஏழு மாதமாகிவிட்டது. நீ ஹாலிஃபாக்ஸில் நிரந்தர வேலையில் சேர்ந்துவிட்டதாகவும் வீடு வாங்கப் போவதாகவும் சொன்னாய், நானோ, இங்கே அல்லது அங்கே, ஒன்றை முடிவு செய், அங்கே என்றால் எங்களை மறந்துவிடு என்றேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பின்பக்க மதில் விஷயத்தை முதலில் சொன்னால்தான் மற்றது வரும்.

நமக்கும் பக்கத்து வீட்டு ராகவேந்திரனுக்கும் பொதுவான அந்தச் சுவரில், நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் ஓர் அரசங்கன்று முளைத்ததே, இப்போது அது மாடி உயரம். சுவர் நெடுக விரிசல், ஓரிடத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அரசை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் ராகவேந்திரன், நானோ, சுவர் வேண்டுமென்றால் மரம் போயாக வேண்டும், இதில் ஆகும் ஆகாது என்ன இருக்கிறது என்று சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் மனுஷன், என்னவோ செய்யுங்கள், பாவம் உங்களோடு என்று கதவைச் சாத்திக்கொண்டார். மந்தைவெளியிலிருந்து கொத்தனார் சண்முகவேலைக் கூட்டி வந்தேன். அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பிறகு, செவுத்த ஒட்ச்சது வேருதான் சார், ஆனா இப்போ செவுத்தப் புட்ச்சிக்கினு நிக்கிறதும் அந்த வேருதான், வெட்டுனா மக்கிப் பூடும், அடுத்த மழைக்கு மொத்தமும் உங்க தலைமேலதான் என்றார்.

முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தத்துவ வகுப்பு எடுத்தவன் நான். எதிரும் புதிருமானவை ஒன்றையொன்று தாங்கியும் நிற்கும், இயற்கை நகர்வதே இந்த முரண்பாட்டால்தான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், தண்ணீர் கொதித்து ஆவியாவதை விட்டால் வேறு உதாரணம் மட்டும் தெரியாது. கொல்லையிலேயே நின்ற உதாரணத்தை வெட்ட ஆள் கூட்டி வந்திருக்கிறேன் பார். உன் அம்மா சும்மா இருப்பாளா, தமிழாசிரியை ஆயிற்றே, உங்களுக்கு வாயைத் திறந்தால் 'அல்லது'தான் வரும், 'உம்' போட்டுப் பேச வராது, மரமும் சுவரும் என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் என்று சண்முகவேல் எதிரிலேயே சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது மரத்தைப் பற்றி மட்டுமில்லை என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

சுவர் பழையபடி நிற்காது என்பதும் நிஜம். அதனால் வேர் கவ்விய செங்கல்லை அப்படியே விட்டு, இருபுறமும் பழைய சுவரைக் கையால் பிரித்து இறக்கி, மரத்துக்கு நான்கடி இடம் விட்டுப் புதிதாகக் கட்டியாயிற்று, அந்த நான்கடிக்கு இனி மரம்தான் மதில். ராகவேந்திரன் வந்து பார்த்துவிட்டுப் போனார், கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து காபி வந்தது. எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதே, இன்னும் பத்து வருடத்தில் வேர் அவருடைய தண்ணீர் சம்ப் பக்கம் போகும், அப்போது அடுத்த தகராறு. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று கிளம்புவதும் இயற்கைதான்.

பாப்பா, நீ போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அங்கே வாழ்வதும் எங்கள் மகளாக இருப்பதும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று நானாக முடிவு கட்டினேன், அது என் தப்பு. வீட்டை வாங்கு. கையெழுத்துப் போடும் முன் சுவரில் ஈரம் கசிகிறதா என்று மழை நாளில் ஒரு தடவை போய்ப் பார், விற்கிறவர் வாயை நம்பாதே. வேலை வேலை என்று பட்டினி கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடு. இதை அம்மாதான் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், ஒற்றுப்பிழை பார்க்காமல் விடமாட்டாள், அடித்தல் திருத்தல் இருந்தால் அவள் வேலை.

நீ எடுத்த காரியமெல்லாம் கூடி வந்து, மனசு நிறைந்து நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடும்போது ஸ்பீக்கரில் போடச் சொல். ஏழு மாதமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்கிறேன், பாதிதான் காதில் விழுகிறது.

உன் அப்பா,
மாணிக்கவாசகம்