கொசுவலை முடிச்சு

திண்டிவனம்
14.11.2012

பாப்பா,

அம்மாவை அடக்கம் பண்ணிட்டு பஸ் ஏறும்போது, "நான் போன்ல சொன்னதுதாம்ப்பா அவங்களைக் கொன்னுடுச்சி"ன்னு சொல்லிட்டுப் போன. நானும் கையாட்டி அனுப்பி வச்சிட்டேன். அதான் எழுதறேன்.

நீ சரியாத்தான் சொன்ன. கொசு எச்சில்ல வீக்கத்தை அடக்குற பொருள் ஒண்ணு இருக்கு, அதைப் பிரிச்செடுத்து உங்க லேப்ல எலிக்குப் போட்டுப் பாத்துக்கினு இருக்கீங்க, அம்மாவோட முடக்குவாதத்துக்கு மருந்தா வர பத்து வருஷமாவது ஆகும்னு சொன்ன. போனைப் புடிக்க அவளுக்கு விரல் மடங்காது. நான்தானே கேட்டு அவகிட்ட சொல்லணும்? எலியையும் பத்து வருஷத்தையும் நான் சொல்லல. கொசு எச்சில்ல மருந்து இருக்காம்னு மட்டும் சொன்னேன். எத்தினி நாள் கழிச்சி சிரிச்சா தெரியுமா!

பகலெல்லாம் கட்டில்லயே கிடக்கிறவ, மறுநாளே, "கொசுவலைய எடுத்துடுங்க, கடிக்கட்டும்"னா. நான் திட்டியிருக்கணும். அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு இருந்துட்டேன்.

மூணாவது வாரம் டெங்கு வந்துடுச்சி. விழுப்புரத்துல டாக்டர், "வீட்ல கொசுவலை இல்லையா?"ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "இல்லிங்க"ன்னு அவளே சொல்லிட்டா.

நீ வேலைய விட்டுடாத. அந்த வலைக்கு நாலு மூலையிலயும் முடிச்சி இருந்துது பாப்பா. அதுல ஒண்ணைக்கூட அவிழ்க்க அவ விரலால முடியாது.

அப்பா